மீனில்லாத ஒரு மண்டலம்

கடல்நீர்த் தொட்டி வைப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அல்ல

பாணேரில் கடல் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில், மும்பைக் கடற்கரையிலிருந்து சாலை வழியே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, ஒரு குன்றுக்கும் பெங்களூர் நெடுஞ்சாலைக்கும் நடுவே விறுவிறுவென்று வளர்ந்துவிட்ட புனே புறநகர் அது. ஐந்திணைக் கணக்கில் பார்த்தால் கொஞ்சம் குறிஞ்சி, கொஞ்சம் முல்லை. நெய்தலுக்கு வழியே இல்லை. ஆனாலும் அங்குள்ள அடுக்குமாடிகளில் எட்டாவது தளத்திலோ பத்தாவது தளத்திலோ, சோபாவுக்கு எதிர்ச்சுவரில் ஒரு துண்டுக் கடலை வைத்துக்கொள்ளும் ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் வேலைக்காகத் தூத்துக்குடியையோ நாகப்பட்டினத்தையோ விட்டு வந்தவருக்கு அந்த ஆசை சற்று அதிகமாகவே இருந்தால் வியப்பில்லை.

கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். சனிக்கிழமை தொட்டி வந்து இறங்கும். ஞாயிறு காலை உப்பு கரைக்கப்படும். நீர் கண்ணாடி போலத் தெளிந்ததும் அன்று மாலையே கடைக்குப் பயணம். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாங், குழந்தை கேட்டதற்காக ஒரு நட்சத்திர மீன். திங்களன்று சகலமும் சுகம். செவ்வாயன்று ஒரு மீன் சாப்பிட மறுக்கும். புதன் இரவு அது நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வியாழன் காலை பால் பாக்கெட் எடுக்க எழுந்த மனைவி, "என்னங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்க" என்று குரல் கொடுப்பார். கடைக்காரரிடம் கேட்டால் 'தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று கைவிரிப்பார். கையோடு இன்னும் இரண்டு மீன் தருவார்.

கடைக்காரர் தப்பித்துக்கொள்ளச் சொன்னாலும் சொன்னது உண்மை. புதுத் தொட்டியில் முதல் வாரத்தில் சாகும் மீன்களில் பெரும்பாலானவை நோயால் சாவதில்லை. பட்டினியாலும் சாவதில்லை. தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகின்றன.

மீனின் உடலில் புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாக வெளியே போகிறது. மூச்சு விடும் உறுப்பே கழிவை வெளியேற்றும் உறுப்பாகவும் இருக்கிறது. கடலில் இது ஒரு பொருட்டே அல்ல. வெளியே வந்த கழிவு அடுத்த நொடி அலையோடு போய்விடும். 150 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. மீன் தின்றது, தின்னாமல் விட்டது, விட்டது அழுகியது எல்லாம் சேர்ந்து அம்மோனியாவாக நீரிலேயே நிற்கும். நீர் மட்டும் பளிங்கு போலத் தெரியும். பார்வைக்கு ஏமாற்றும் விஷம் இது.

தங்கமீனும் கப்பியும் வளர்த்துப் பழகியவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். நன்னீர்த் தொட்டியில் ஓரளவு மன்னிக்கப்படும் தவறு கடல்நீரில் மன்னிக்கப்படுவதில்லை. இதற்குக் காரணம் வேதியியல். நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் நிற்கும். வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும், மொத்த அம்மோனியாவில் நஞ்சாக வேலை செய்யும் பகுதி இந்த ஏற்றத்தில் ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. போதாக்குறைக்கு உப்புநீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. பாணேரின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் மேலும் ஐந்தாறு சதவீதம் போய்விடும். மும்பைத் தொட்டியில் சமாளித்த மீனுக்கு இங்கே மூச்சு இன்னும் கொஞ்சம் இறுக்கம்.

இதற்கு மருந்து உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு வகை. அந்த நைட்ரைட்டைத் தின்று, அதைவிடத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இன்னொரு வகை. மண்ணில் உரம் பயிருக்குச் சேர உதவும் அதே வேலைதான். இவற்றை முதலில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. 1890-ல் ஜூரிச்சில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது கண்டுபிடித்தார். மீன்தொட்டி வைக்கும் உத்தேசம் அவருக்கு இருந்திருக்காது. ஆனால் இன்று உலகத்தில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு தொட்டி மீனும் அந்த பாக்டீரியாக்களுக்குக் கடன்பட்டது.

இந்த பாக்டீரியாக்களுக்கு ஒரே குணக்கேடு, அவசரமே தெரியாது. பாலில் இரவு உறை ஊற்றினால் காலையில் தயிர் தயார். நைட்ரஜன் பாக்டீரியா அப்படிப்பட்ட ஆசாமி இல்லை. ஒன்று இரண்டாகப் பெருகவே பாதி நாளோ ஒரு முழு நாளோ எடுத்துக்கொள்ளும். மணலிலும் கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு, ஒரு தொட்டியைத் தாங்கும் அளவுக்குப் பெருக நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். சில தொட்டிகளில் அதற்கு மேலும் ஆகும். சித்த வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டு 'ஒரு மண்டலம் பத்தியம்' என்பாரே, 48 நாள், அதுதான் ஏறக்குறைய இந்தக் கணக்கும். அந்த மண்டலம் முழுவதும் தொட்டியில் மீன் இருக்கக் கூடாது.

மீன் இல்லாவிட்டால் பாக்டீரியாவுக்கு உணவு ஏது? சந்தையில் வாங்கிய ஒரே ஒரு இறாலை உரித்து ஒரு சல்லாத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் போதும். அழுகி அம்மோனியா தரும். நாற்றம் பிடிக்காதவர்கள் அளந்து விடும் அம்மோனியம் குளோரைடை வாங்கிக்கொள்ளலாம். பிறகு வேலை, சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பது. முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்க ஆரம்பிக்கும்போது நைட்ரைட் ஏறும். அதுவும் ஏறி இறங்கும். ஒரு நாள் காலையில் கொஞ்சம் அம்மோனியா விட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம். அன்றைக்குத்தான் தொட்டி தொட்டியாகிறது. மிச்சமிருக்கும் நைட்ரேட்டுக்கு, பாதி நீரை மாற்றினால் சரி.

மூன்றாவது வாரத்தில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாக ஒரு படலம் படரும். புதியவர் இதைக் கண்டு பதறி, தொட்டியைக் காலி செய்து, மணலைக் குழாயடியில் அலசி, வடிகட்டிப் பஞ்சைத் துணி துவைப்பது போல் துவைத்து வைப்பார். அந்தப் படலம் டயாட்டம் என்ற நுண்பாசி. தானே வரும், தானே போகும். ஆனால் குழாய்நீரில் இருக்கும் குளோரின் மூன்று வாரமாகப் பெருகிய பாக்டீரியாவைத் துடைத்தெடுத்துவிடும். ஆட்டம் மறுபடி ஒன்றிலிருந்து. சுத்தம் சோறு போடும் என்ற பழமொழி தமிழ்க் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கலாம். மீன்தொட்டிக்கு அது ஆகாது. பஞ்சைக் கழுவத்தான் வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து ஒரு வாளி உப்புநீர் எடுத்து அதில் லேசாகப் பிழிந்தால் போதும்.

முன்பெல்லாம் இந்த முதல் கட்டத்துக்கு டாம்செல் மீன்களை விடுவார்கள். கெட்டி உயிர், விலையும் குறைவு. பிழைத்தால் பிழைக்கட்டும், செத்தால் நஷ்டம் சொற்பம் என்பது கணக்கு. பிழைத்தவை செவுள் வெந்துபோய்ப் பிழைத்தன என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிழைத்த டாம்செல் தொட்டியைத் தன் சொத்தாகப் பட்டா போட்டுக்கொண்டு, பிறகு வரும் மீன்களை எல்லாம் கடித்து விரட்டும் என்பது ஒரு வகையில் நியாயமான பழிவாங்கல். இறாலில் முடியும் காரியத்துக்கு உயிர்ப்பலி தேவையில்லை.

கடலை வீட்டுக்குள் கொண்டுவர முயன்ற முதல் சிலரில் ஒருவர் ஒரு பாதிரியாரின் மனைவி. லண்டனைச் சேர்ந்த ஆனா தைன். 1846-ல் டார்க்கி கடற்கரையில் கல் பவளங்களைக் கண்டு மயங்கி, ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்கு எடுத்து வந்தார். கடல்நீர் கிடைப்பது அரிது. மின்சார பம்பு என்பது கனவிலும் இல்லாத காலம். திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்குத் தினமும் அரைமணி முக்கால் மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருக்கச் செய்தார். நம் ஊர் டீ மாஸ்டர் செய்வதுதான், காற்றேற்றும் வேலை. ஊற்றியவர் வீட்டு வேலைக்காரப் பெண். சரித்திரத்தில் எஜமானியின் பெயர்தான் நிற்கிறது. பிறகு கடற்பாசிகளையும் வரவழைத்துச் சேர்த்துக்கொண்டு அவர் பவளங்களை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கு மீன்கூடம் திறந்தது. அதில் பங்கு வகித்த பிலிப் ஹென்றி காஸ் அடுத்த ஆண்டு எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. கடலுக்குப் போகாமலே உப்புகளைக் கலந்து கடல்நீர் தயாரிக்கும் முறையையும் அவர் சொல்லிக்கொடுத்தார். விளைவு, இங்கிலாந்து முழுக்க மீன்தொட்டிப் பைத்தியம். கூடையும் உளியுமாக ஜனங்கள் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. தன் தந்தை அன்போடு எழுதிய புத்தகங்களே அந்தக் கரையை நாசமாக்கக் காரணமாயின என்று காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் வருந்தியிருக்கிறார்.

இந்தியாவில் இந்த வேலை கடற்கரையில்தான் தொடங்கியது. சென்னை மெரினாவில் 1909-ல் மீன்காட்சி சாலை திறக்கப்பட்டது. மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது குண்டு வீச்சு பயத்தில் மூடப்பட்டது. மும்பை மெரின் டிரைவில் தாராபொரவாலா மீன்காட்சி சாலை 1951-ல் வந்தது. இரண்டுக்கும் பக்கத்திலேயே கடல். பாணேர்க்காரருக்கு அந்த வசதி இல்லை. கேனில் மும்பைக் கடல்நீரைக் கொண்டுவரலாமே என்று சிலருக்குத் தோன்றும். நகரத்துச் சாக்கடை கலக்கும் கரையோர நீர், மழைக்காலத்தில் உப்பளவே மாறிவிடும் நீர், கேனில் ஒரு நாள் கிடந்ததும் கெடும் நீர். அதைவிடக் கலவை உப்பு வாங்குவது மேல்.

கலவை உப்பு என்பது சமையல் உப்பு அல்ல. கல்லுப்பும் அல்ல. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் பெரும்பகுதி நம் சமையல் உப்புதான் என்றாலும் மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், சல்ஃபேட், பொட்டாசியம், பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட் எல்லாம் சேர்ந்தால்தான் கடல். மளிகைக் கடை உப்பில் மீனை விடுவது, குழந்தைக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வளர்ப்பது மாதிரி.

உப்பு சரி, தண்ணீர்? கோடை வந்தால் பாணேர், பாலேவாடி பக்கத்துக் குடியிருப்புகள் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும். மாநகராட்சிக் குழாயில் வருவது அணை நீர். டேங்கரில் வருவது எந்தக் கிணறு, எந்த ஆழ்துளை என்று லாரி ஓட்டுபவருக்கே தெரியாது. இந்த வாரம் மென்னீர், அடுத்த வாரம் சோப்பு நுரைக்காத கடின நீர். எனவே ஆர்.ஓ. நீர்தான் வழி. சமையலறை ஆர்.ஓ. கருவிகளில் பல, குடிநீருக்குச் சுவை தரக் கொஞ்சம் பழைய நீரையே திரும்பக் கலந்து தருகின்றன. மனிதருக்கு அது நல்லது. தொட்டிக்கு அந்தக் கலப்பை நிறுத்திவிட்டுப் பிடிக்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. தொட்டி நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 100 லிட்டரில் 3.5 கிலோ உப்பு இருக்கிறது. ஏப்ரலில், வறண்ட புனேக் காற்றில், ஒரு வாரத்தில் 10 லிட்டர் காணாமல் போகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 90 லிட்டரிலும் அதே 3.5 கிலோ. லிட்டருக்கு 35 கிராம் என்பது 39-ஐ நெருங்கிவிட்டது. இப்போது புதியவர் என்ன செய்கிறார்? 'கடல்நீர்த் தொட்டிதானே' என்று 10 லிட்டர் உப்புநீரையே கரைத்து ஊற்றுகிறார். இன்னும் 350 கிராம் உள்ளே. இப்படி நாலு வாரம் போனால் அது தொட்டி அல்ல, உப்பளம். குறைந்த நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத நீர். தினமும் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் கணக்குத் தெரியும்.

உப்பளவு மாறினால் மீனுக்கு என்ன? கடல் மீனுக்குத் தாகம் எடுக்கும் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். அதன் உடல் திரவத்தின் உப்பு, கடலின் உப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே உடம்பிலிருந்து நீர் ஓயாமல் கடலுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. குடித்த உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆற்று மீனுக்கு நேர்மாறு, அது குடிப்பதே அபூர்வம். இந்த இயந்திரம் ஓயாமல் ஓட நிறையச் சக்தி வேண்டும். அம்மோனியாவில் செவுள் வெந்து, உப்பும் ஏறிவிட்டால், நீருக்குள்ளேயே மீன் காய்ந்து போகிறது.

வெப்பத்தில் பாணேருக்கு ஒரு சின்ன அனுகூலம். தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். புனேக் கோடையில் பகல் 40-ஐத் தொடும். டிசம்பர், ஜனவரி இரவில் 10-ஐ ஒட்டி இறங்கும். குளிருக்கு ஹீட்டர் போதும். வெயிலுக்குச் சில்லர் வாங்கினால் விலை கண்ணைப் பறிக்கும். ஆனால் இங்கே கோடைக் காற்று வறண்டது. நீரின் மேல் வீசும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால், மண்பானை குளிர்வது போலத் தொட்டி சில டிகிரி இறங்கும். சென்னையின் புழுக்கத்தில் இந்த வித்தை இவ்வளவு எடுபடாது. விசிறி வைத்தால் ஆவியாவதும் கூடும் என்பதால் மேலே சொன்ன கோட்டை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

இன்னொன்று மின்தடை. பராமரிப்புக்காக மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தும் நாள் புனேயில் பெரும்பாலும் வியாழக்கிழமை. குடியிருப்பின் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மாடிப்படி விளக்குக்கும்தான் என்றால், பம்பு நின்ற தொட்டியில் முதலில் தீர்வது பிராணவாயு. பேட்டரியில் ஓடும் குட்டிக் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். அதுவும் இல்லாதபோது ஒரு குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம். ஆனா தைன் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் வழி இன்றும் செல்லும்.

தொட்டி சிறியதாக இருந்தால் பராமரிப்பது சுலபம் என்று நினைப்பது இயல்பு. நிஜம் தலைகீழ். மேசை மேல் வைக்கும் 20 லிட்டர் தொட்டியில் ஒரு இறந்த நத்தை போதும், மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும். 100 லிட்டருக்குக் குறையாமல் தொடங்குவது உத்தமம். நீர் அதிகமானால் தவறுகள் மெதுவாக நடக்கும். திருத்த நேரம் கிடைக்கும்.

இனி மீன். சென்னை கொளத்தூரிலிருந்து நாடு முழுவதற்கும் போகும் வண்ண மீன்கள் வளர்ப்புக் குளத்தில் பிறந்தவை. ஒரு தங்கமீன் செத்தால் குளத்தில் இன்னொன்று பிறக்கும். கடல் மீன் சமாச்சாரம் வேறு. அதில் பெரும்பான்மை இன்னமும் பவளப் பாறையில் வலை போட்டுப் பிடிக்கப்பட்டவை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி கடல் வண்ண மீன்கள், 1,471 இனங்கள், வியாபாரத்தில் புழங்குவதாக அது சொல்லியது. பாணேரில் ஒரு வாரத்தில் செத்துப்போகும் டாங்குக்குப் பதிலாகக் கடைக்காரர் தரும் அடுத்த டாங், யாரோ ஒரு முக்குளிப்பவர் ஏதோ ஒரு பாறையிலிருந்து எடுத்தது. தொட்டிக்காரர் பார்ப்பது இரண்டு சாவு. பிடித்த இடத்துக்கும் கடைக்கும் நடுவே பையிலும் விமானத்திலும் நடந்த சாவுகள் அவர் கண்ணில் படுவதில்லை. காஸ் காலத்து இங்கிலாந்தில் கரைக்குப் போனவர்களாவது தாங்கள் பெயர்த்த பாறையைத் தங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பாறை என்றதும் சட்டமும் வருகிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் புதியவருக்குத் தரப்படும் முதல் யோசனை 'உயிர்ப்பாறை' வாங்கு என்பதுதான். நுண்ணுயிர் குடியேறிய பவளக் கல். 1960-களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் பிரபலப்படுத்திய முறை. அது காத்திருப்பையும் குறைக்கும். இந்தியாவில் அது குற்றம். பாறை கட்டும் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதோ செத்ததோ, பவளத்தை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் தண்டனைக்கு உரியவை. கடைகளில் திரைக்குப் பின்னால் இவை கிடைக்கின்றன என்பது யாருக்கும் ரகசியமில்லை. மன்னார் வளைகுடாவில், 1986-ல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் தீவுகளைச் சுற்றி, தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை உடைத்து உடைத்து என்ன ஆயிற்று என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பாணேர்த் தொட்டிக்குப் பீங்கானிலோ சிமெண்டிலோ செய்த செயற்கைக் கல் போதும். பாக்டீரியாவுக்குப் பூர்வீகம் முக்கியமில்லை, நுண்துளை இருந்தால் குடியேறிவிடும். ஆறு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

மீனுக்கும் இப்போது நல்ல வழி பிறந்திருக்கிறது. கோமாளி மீனைக் குஞ்சு பொரித்து வளர்க்கும் முறையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம், விழிஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் வெற்றி கண்டிருக்கின்றன. பாணேருக்கு இன்னும் பக்கத்தில், நவி மும்பை ஐரோலியில், மகாராஷ்டிரத்தின் சதுப்புநிலக் காடுகள் அறக்கட்டளையும் தேசிய மீன் மரபணு வள அமைப்பும் சேர்ந்து கோமாளி மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்தன. தொட்டியில் பிறந்த கோமாளி மீன் உலர்தீனியைத் தின்னப் பழகியது, கண்ணாடிச் சுவரைக் கண்டு மிரளாது. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு குழந்தைகள் கேட்பதும் அதைத்தான். கடையில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, 'பிடித்ததா, வளர்த்ததா' என்பது. கூடவே, 'எனக்கு முன்னால் தின்னக் காட்டுங்கள்' என்பதும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. மூரிஷ் ஐடல் அழகு, ஆனால் அடைத்து வைத்தால் பெரும்பாலும் பட்டினி கிடந்து மடியும். மாண்டரின் மீன் பாறையில் ஊரும் நுண்ணுயிர்களையே பொறுக்கித் தின்பது, புதுத் தொட்டியில் அவை இருக்காது. நீல டாங் ஓர் அடி நீளம் வளரும், ஓடி விளையாட இடம் கேட்கும். அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வதிலேயே 2016-ல்தான் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெற்றி பெற்றார்கள். கோமாளி மீன் இருந்தால் கடல் சாமந்தியும் வேண்டும் என்பதில்லை. சாமந்தியை வளர்ப்பது மீனைவிடக் கஷ்டம், அது செத்தால் தொட்டியையே கெடுத்துவிடும். கோமாளி மீனில் இரண்டு சிறிய குஞ்சுகளாக வாங்குவது உசிதம். பிறக்கும்போது எல்லாமே ஆண் சார்பு. பலமுள்ளது பெரிதாகிப் பெண்ணாகிவிடும், மற்றது ஆணாக அடங்கி இருக்கும். ஜாதகம் பார்க்க அவசியமில்லை.

எந்த மீனும் நேரே பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு குழாய்த் துண்டு, ஏற்கெனவே பெரிய தொட்டியில் ஊறிய ஒரு பஞ்சு வடிகட்டி. இதில் நாலு வாரம் தனியாக வைக்க வேண்டும். காரணம் வெள்ளைப்புள்ளி நோய். உப்புத் தூவினாற்போல உடம்பில் புள்ளிகள் தோன்றும். சில நாளில் தானே மறையும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி மணலில் கூடு கட்டிப் பெருகப் போயிருக்கிறது, அவ்வளவே. திரும்பி வரும்போது நூற்றுக்கணக்கில் வரும். அதற்கு மருந்தான தாமிரம் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், கல்லிலும் மணலிலும் தங்கிவிடும். அதனால் வைத்தியம் அந்தத் தனித் தொட்டியில் மட்டும்தான்.

கடையிலிருந்து பை வீட்டுக்கு வரும் நேரத்தில் செய்யும் பிழை ஒன்று, மண்டலம் காத்த தொட்டியையும் மீறி மீனைக் கொல்லும். மூடிய பையில் மீன் விடும் மூச்சுக் காற்று கரைந்து நீரின் பி.எச். இறங்கியிருக்கும். எனவே பையில் அம்மோனியா சேர்ந்திருந்தாலும் அது வீரியமின்றிக் கிடக்கும். பையைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியேறும், பி.எச். ஏறும், தூங்கிய அம்மோனியா விழித்துக்கொள்ளும். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை விட்டு இரண்டு மணி நேரம் 'பழக்கப்படுத்துவது' மீனை விஷத்தில் ஊறப்போடுவது. சரியான முறை இப்படி. கடையில் உப்பளவு என்ன என்று முன்பே கேட்டுத் தனித் தொட்டியில் அதே அளவை வைத்துக்கொள்ள வேண்டும். பையை மூடியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு பையைத் திறந்து, நீரை வலையில் வடித்து, மீனை மட்டும் உள்ளே விட வேண்டும். பை நீர் ஒரு சொட்டும் தொட்டியில் விழக் கூடாது. விளக்கை அணைத்துவிட வேண்டும்.

முதல் நாள் மீன் குழாய்த் துண்டை விட்டு வெளியே வராது. இரண்டாம் நாள் எட்டிப் பார்க்கும். மூன்றாம் நாள் ஒரு சிட்டிகைத் தீனி. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். விருந்தாளிக்குப் பரிமாறுவது போல மீண்டும் மீண்டும் தூவக் கூடாது. மிச்சம் அம்மோனியாதான். நாலு வாரம் கழித்து உப்பளவைச் சமன் செய்து பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மாற்றிய மறுநாள் காலையும் அதற்கடுத்த காலையும் சோதனைக் குழாயை எடுக்க வேண்டும். அம்மோனியா பூஜ்யம் என்றால் சரி. அடுத்த மீனைப் பற்றிக் குழந்தை கேட்டால், அதற்கும் தனித் தொட்டியில் இன்னொரு நாலு வாரம்.